பாடம் சொல்லும் வண்டி போன பிறகு, பிரித்து வைத்த பிளாஸ்டிக்கை யார் எடுப்பது?

நீலவாளி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறிய குழுவோடு சேர்ந்து இரண்டு வருடம் பிளாஸ்டிக் பாட வண்டி ஓட்டினேன். பழைய வேன்தான். பின்கதவைத் திறந்தால் ஒரு மேசை, பிளாஸ்டிக்கைத் துருவும் சிறிய இயந்திரம், உருகியதைக் கையால் அழுத்தி அச்சில் இறக்கும் கருவி. ஒரு குடியிருப்பில் போய் நிறுத்துவோம். பிள்ளைகள் கொண்டுவரும் பாட்டில் மூடிகளை அவர்கள் கண்முன்னாலேயே துருவி, உருக்கி, அச்சில் ஊற்றி, ஒரு சீப்பாக எடுத்துக் கையில் கொடுப்போம். சூடு ஆறியும் ஆறாமலும் இருந்த சீப்பை ஒரு சிறுமி கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "இது நேத்து குப்பையில கிடந்த மூடியா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

மூன்று மாதம் கழித்து அதே இடத்துக்குப் போனோம். ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஏழு சாக்குகள். நாங்கள் சொல்லிக் கொடுத்தபடியே கழுவி, காயவைத்து, வகை பிரித்துக் கட்டியிருந்தார்கள். சாரலில் நனைந்து, வெயிலில் காய்ந்து, சாக்கே இற்றுப்போய்க் கையோடு வந்தது. "நீங்க வருவீங்கன்னுதான் வச்சிருந்தேன்" என்றார் அந்த வீட்டு அம்மா. எங்களிடம் பதில் இல்லை. எங்கள் திட்டத்தில் பாடம் இருந்தது, இயந்திரம் இருந்தது. அந்தச் சாக்கை எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லை.

இப்போது வேறு இடத்தில் மறுபடியும் தொடங்கப் போகிறோம். இந்தத் தடவை வண்டி வந்து போன பிறகு அங்கேயே நாலு பேருக்கு நிரந்தர வேலை இருக்க வேண்டும் என்று ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எதில் தொடங்க வேண்டும்?

எடைக்கல்:

வாங்குகிறவரிடமிருந்து தொடங்குங்கள்.

நான் பதினைந்து வருடமாகப் பழைய பிளாஸ்டிக் வாங்கி, பிரித்து, பெரிய ஆலைக்கு ஏற்றி அனுப்புகிறவன். என்னிடம் வருகிற நல்ல மனசுக்காரர்கள் பலரும் சரக்கைச் சேர்த்து வைத்துவிட்டு, அப்புறம்தான் யார் எடுப்பார்கள் என்று கேட்கிறார்கள். ஆலைக்காரர் எந்த வகை எடுப்பார், எவ்வளவு சேர்ந்தால் லாரி அனுப்புவார், எப்படிக் கட்டித் தர வேண்டும், இதெல்லாம் முதலில் தெரிய வேண்டும். அவர் எடுக்காத வகையைப் பிரித்து வைக்கச் சொல்லி மக்களுக்குப் பாடம் எடுத்தால், உங்கள் ஏழு சாக்கு கதைதான் திரும்ப வரும்.

ஒரு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய 25 கிராம். கிலோவுக்கு 40 பாட்டில், டன்னுக்கு 40,000. நசுக்காமல் ஏற்றினால் லாரியில் பாதிக்கு மேல் காற்றுதான் போகும். தெர்மாகோல் இன்னும் மோசம், அதில் 95 சதவீதத்துக்கு மேல் காற்று. அதனால் உருக்கும் இயந்திரம் வாங்கும் முன்னால், நசுக்கிக் கட்டும் பிரஸ் ஒன்றுக்கு வழி பாருங்கள். பார்க்க அழகாக இருக்காது, பிள்ளைகள் கைதட்ட மாட்டார்கள். வேலை கொடுப்பது அதுதான்.

இன்னொன்று, பிரிக்கும் கை. பெட் (PET) என்பது தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக், பிவிசி (PVC) என்பது குழாய் செய்யும் பிளாஸ்டிக். பெட் பாட்டிலும் பிவிசி பாட்டிலும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பெட் பாட்டிலைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள், நடுவில் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கும். பிவிசி என்றால் அடியில் குறுக்கே ஒரு கோடு ஓடும். பக்கவாட்டை மடக்கினால் மடித்த இடம் வெள்ளையாகும். பெட் உருகும் சூட்டுக்கு, அதாவது 250 டிகிரிக்கு மேல் போனால், பிவிசி தாங்காது. கருகி ஹைட்ரஜன் குளோரைடு வாயு விடும். ஒரு மூட்டையில் ரெண்டு மூணு பாட்டில் கலந்துவிட்டாலே சரக்கு பழுப்பேறி, ஆலையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தண்ணீரில் போட்டும் பிரிக்க முடியாது, இரண்டும் மூழ்கும். கண்ணும் கையும்தான் பிரிக்க வேண்டும். என்னிடம் ஒரு அம்மா வேலை செய்கிறார். பாட்டிலைத் தூக்கிப் பார்க்காமலே, தரையில் தட்டும் சத்தத்தை வைத்தே ஒதுக்கிவிடுவார். அவருடைய சம்பளத்தை நான் செலவாகப் பார்த்ததே இல்லை. சரக்குக்கு விலை வருவதே அவர் கையால்தான்.

திருப்புளி:

எடைக்கல் அண்ணா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இயந்திரம் பக்கம் நான் கொஞ்சம் சொல்கிறேன்.

நெதர்லாந்தைச் சேர்ந்த டேவ் ஹேக்கன்ஸ் 2013இல் பிரெஷஸ் பிளாஸ்டிக் என்ற திட்டத்தைத் தொடங்கினார். துருவும் இயந்திரம், உருக்கித் தள்ளும் இயந்திரம், அச்சில் செலுத்துவது, சூட்டோடு அழுத்துவது என்று சிறு பட்டறைக்கான வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளும்படி வெளியிட்டார்கள். அவற்றைப் பார்த்துத்தான் நானும் வெல்டிங் கற்றேன். நல்ல கருவிகள். ஆனால் எல்லா பிளாஸ்டிக்கையும் அதில் போடக் கூடாது.

சிறு பட்டறைக்கு ஏற்றவை இரண்டு. ஷாம்பு பாட்டில், வாளி, கேன் மாதிரியான கெட்டி பாலிஎத்திலீன், அது 130 டிகிரி வாக்கில் இளகும். மூடி, டப்பா மாதிரியான பாலிபுரொப்பிலீன், 160 டிகிரியை ஒட்டி. இரண்டுமே தண்ணீரில் மிதக்கும். பெட்டைத் தொடாதீர்கள். அதை உருக்கும் முன்னால் ஈரப்பசையே இல்லாமல் உலர்த்த வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் உருகும்போது அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி அறுந்து, பண்டம் கண்ணாடி மாதிரி நொறுங்கும். பெட்டை நசுக்கி விற்றுவிடுங்கள், பெரிய ஆலையில் நூலிழையாகட்டும்.

பிவிசியைப் பட்டறைக்குள்ளேயே விடாதீர்கள். நீலவாளி, வேனுக்குள் வைத்து உருக்கினீர்களா, வெளியிலா? சூடு கொஞ்சம் ஏறினாலும் பாலிஎத்திலீன்கூடப் புகையும். மூடிய வண்டிக்குள் பிள்ளைகளை நெருக்கி நிற்க வைத்து உருக்கிக் காட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திறந்த வெளியில், காற்று போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் ஆட்களை நிறுத்திச் செய்ய வேண்டும். துருவும் இயந்திரத்தின் வாய்க்குக் கை எட்டாத நீளத்தில் குழாய் வையுங்கள். கழுவும் தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டாமல் சாக்கடையில் விடாதீர்கள், துருவல் தூள் அத்தனையும் அதில்தான் போகிறது.

நீலவாளி:

வெளியில் மேசை போட்டுத்தான் உருக்கினோம் திருப்புளி. ஆனால் காற்றின் திசையை நாங்கள் யோசித்ததே இல்லை. இனி யோசிப்போம். தண்ணீரையும் அப்படியேதான் கொட்டினோம். எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

கைவண்டி:

ஒரு கேள்வி கேட்கலாமா? "நாலு பேருக்கு வேலை" என்கிறீர்கள். யார் அந்த நாலு பேர்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வண்டி வரும் முன்பே ஒவ்வொரு ஊரிலும் விடியற்காலையில் சாக்கோடு கிளம்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். வீடுகளில் பிரித்து உங்களிடம் கொடுக்கத் தொடங்கிவிட்டால், அவர்கள் பிழைப்பில் இருந்த நல்ல சரக்கு உங்கள் சாக்குக்குப் போய்விடும். புது வேலை உருவானதாக நீங்கள் எழுதுவீர்கள். பழைய வேலை போனதை யாரும் எழுத மாட்டார்கள்.

கெய்ரோவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஜபலீன் என்ற சமூகத்தார் பல தலைமுறையாக வீடு வீடாகக் குப்பை எடுத்துப் பிரித்துப் பிழைத்தவர்கள். 2003 வாக்கில் நகர நிர்வாகம் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. வாசலில் வந்து எடுத்துப் பழகிய மக்களுக்குத் தெருத்தொட்டி சரிப்படவில்லை, ஜபலீன் அளவுக்கு அந்த நிறுவனங்களால் பிரிக்கவும் முடியவில்லை.

புனேயில் வேறு மாதிரி நடந்தது. 1993இல் குப்பை பொறுக்குகிறவர்கள் சங்கம் வைத்தார்கள். அந்த வழியில் 2008இல் ஸ்வச் என்ற கூட்டுறவு வந்தது. பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்காரர் எடுப்புக் கட்டணம் கொடுப்பார், பிரித்து விற்ற காசும் அவர்களுக்கே. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 2013 முதல் பொறுக்கும் ஆட்களுக்கு, அவர்கள் எடுத்து மீட்ட எடைக்கு ஏற்ப நகரமே சேவைக் கூலி கொடுக்கத் தொடங்கியது. பிரேசிலின் 2010ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டத்தில் பொறுக்குவோர் கூட்டுறவுகளுக்குப் பெயர் சொல்லி இடம் உண்டு.

நீங்கள் புதிதாக நாலு பேரைத் தேடிப் பயிற்சி கொடுக்கும் முன்னால், ஏற்கெனவே பயிற்சி உள்ளவர்களிடம் போய் உட்காருங்கள். பாட வண்டியில் வாத்தியாராக ஏற அவர்களுக்குத்தான் முதல் உரிமை.

ஈரத்துணி:

மன்னிக்கவும், மாற்றுக் கருத்து ஒன்று. 2017இல் கெயர், ஜாம்பெக், லா என்ற மூன்று ஆய்வாளர்கள் போட்ட கணக்கின்படி, 2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் 830 கோடி டன். அதில் 630 கோடி டன் குப்பையாகிவிட்டது. அந்தக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம். 12 சதவீதம் எரிக்கப்பட்டது. மீதி நிலத்திலும் நீரிலும் கிடக்கிறது. இவ்வளவு பெரிய வெள்ளத்துக்கு முன்னால் சீப்பு செய்து காட்டினால், "கவலைப்படாதே, எல்லாம் மறுபடி பொருளாகிவிடும்" என்றுதானே பிள்ளை நினைக்கும்? வாங்குவதைக் குறைக்கச் சொல்லும் பாடம் எங்கே?

கரும்பலகை:

ஈரத்துணி கேட்டது எனக்கும் உறுத்துகிற கேள்வி. நான் வயது வந்தோர் கல்வியில் இருக்கிறேன். இந்தத் தலைப்பில் வகுப்பும் எடுத்திருக்கிறேன். என் அனுபவத்தில், குறைக்க வேண்டும் என்பதைப் பேச்சால் புரியவைப்பதைவிடப் பிரிக்க வைத்துப் புரியவைப்பது சுலபம்.

ஒரு தரையில் துணி விரித்து, ஒரு வாரக் குப்பையில் உள்ள பிளாஸ்டிக்கைக் கொட்டச் சொல்வேன். நான் எதுவும் பேச மாட்டேன். முதலில் வாளித் தண்ணீரில் போட்டு மிதப்பது, மூழ்குவது. அப்புறம் மெல்லிய உறைகளைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கசக்கச் சொல்வேன். பாலிஎத்திலீன் பை மெத்தென்று சத்தமில்லாமல் மசியும். நொறுக்குத்தீனி உறை மொறமொறவென்று சத்தம் போடும். அதைக் கிழித்து உள்ளே பார்த்தால் வெள்ளி மாதிரி மினுங்கும். இரண்டு மூன்று வகைப் படலத்தை ஒட்டி, நடுவில் அலுமினியப் பூச்சு கொடுத்தது. நகத்தால் உரித்துப் பிரிக்கச் சொல்வேன். யாராலும் முடியாது. கடைசியில் துணியின் ஒரு மூலையில், யாரும் வாங்காத குவியல் ஒன்று எழுந்து நிற்கும். வழக்கமாக அதுதான் பெரிதாக இருக்கும்.

ஒரு தடவை ஒரு பாட்டி அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இதை யாரும் எடுக்க மாட்டாங்கன்னா, நாம எதுக்கு வாங்குறோம்?" என்றார். நான் சொல்ல நினைத்ததை அவரே சொல்லிவிட்டார்.

பிளாஸ்டிக் பொருளின் அடியில் எண்ணோடு இருக்கும் முக்கோணக் குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த 1 முதல் 7 வரையான எண்கள், எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கின்றன. சுற்றிலும் துரத்தும் அம்புக்குறி இருந்ததால், குறி போட்டதெல்லாம் மறுசுழற்சி ஆகும் என்று ஜனங்கள் நம்பினார்கள். 2013இல் தர விதியில் அம்பை எடுத்து வெறும் முக்கோணமாக்கினார்கள். பாட்டில் வார்க்கும் அச்சுகள் பலவற்றில் இன்னும் அம்பு இருக்கிறது. முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

நூல்கண்டு:

கரும்பலகை அக்காவுக்கு ஒரு கேள்வி. வண்டி மாதம் ஒருமுறைதான் வரும் என்றால் நடுவில் மறந்துவிட மாட்டார்களா? எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன செய்தீர்கள்?

கரும்பலகை:

மறந்துவிடுவார்கள், நானே மறப்பேன். அதற்குக் கைபேசிதான் துணை. ஒரு நிமிடத்துக்கு மேல் போகாத குரல் பதிவு, வாரம் ஒன்று, ஒரே ஒரு விஷயம். இந்த வாரம் மூடியைக் கழற்றுவது, அடுத்த வாரம் எண்ணெய்ப் பிசுக்குக் கழுவுவது. பேசுவது நான் இல்லை. அந்தத் தெருவிலேயே பிரிக்கும் வேலை பார்க்கிற பெண் ஒருவர், தன் குரலில், தன் பேச்சில். தெரிந்த குரல் என்றால் கேட்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். பல் துலக்கும் பிரஷ்ஷில் தொடங்கி மருந்து அட்டை வரை வந்தது. பதில் போடுவதும் அதே பெண்தான். ஆறு மாதத்தில் அவரிடம் இருந்த படங்களே ஒரு பாடப்புத்தகம் ஆகிவிட்டது. பெரிய செயலி எதுவும் வேண்டாம், இருக்கிற கைபேசியே போதும். ஒன்று மட்டும், அந்தப் பெண்ணின் நேரத்துக்குச் சம்பளம் வைத்திருந்தோம். கேட்ட கேள்விக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பதில் போடுவதும் உழைப்புதானே.

எழுத்துக்குப் பதில் நிறம். நீலச் சாக்கு பாட்டிலுக்கு, வெள்ளை மூடிக்கும் டப்பாவுக்கும். சாக்கின் கழுத்தில் அந்தப் பொருளையே ஒன்று கட்டித் தொங்கவிட்டுவிடுவோம்.

கைவண்டி:

சாக்கில் பொருளையே கட்டித் தொங்கவிடுவது அருமை. நாளைக்கே செய்யப் போகிறேன்.

எடைக்கல்:

சம்பளம் என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். சரக்கு விற்ற காசை மட்டும் நம்பி யாருக்கும் மாதச் சம்பளம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

புது பிளாஸ்டிக் பெரும்பாலும் கச்சா எண்ணெய், எரிவாயுவிலிருந்து வருவது. எண்ணெய் விலை விழுந்தால் அது மலிவாகும், உடனே பழையதைக் கேட்பார் இருக்க மாட்டார். 2020இல் அப்படித்தான் விழுந்தது. அதற்கு முன்னால் 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியபோது உலகம் முழுக்கச் சந்தையே புரண்டது. அந்த மாதங்களில் என் கிடங்கில் மூட்டை கூரையை முட்டியது. நாலு பேரை வீட்டுக்கு அனுப்பினேன். அவர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை. இன்றைக்கும் அது மனசை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் கைவண்டி சொன்ன சேவைக் கட்டணம் முக்கியம். குப்பையை அகற்றுவதும் ஒரு வேலை, அதற்குத் தனிக் கூலி வேண்டும். சரக்கு விற்ற காசு அதற்கு மேல் வருவது. விலை விழுந்த மாதத்திலும் அடுப்பு எரிய அந்த ஒன்றுதான் வழி. நகராட்சியோ குடியிருப்புச் சங்கமோ, யார் தருவார் என்பதை வண்டி கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

திருப்புளி:

பொருள் செய்து விற்கலாம் என்றால் ஒன்று யோசியுங்கள். சாவிக்கொத்து, சீப்பு எல்லாம் முதல் மாதம் விற்கும். எல்லோரும் ஒன்று வாங்கி முடித்ததும் நின்றுவிடும். திரும்பத் திரும்பத் தேவைப்படும் பொருள் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்க நாடான கோட் டிவோரில் யுனிசெப்பும் கொலம்பிய நிறுவனமான கான்செப்டோஸ் பிளாஸ்டிகோஸும் சேர்ந்து, சேகரித்த பிளாஸ்டிக்கைக் கட்டுமானக் கல்லாக்கி வகுப்பறைகள் கட்டின. சேகரிப்பதில் முன்னால் நின்றவர்கள் பெண்கள். கல்லுக்கு வாங்குபவர் யார் என்பது அங்கே முதல் நாளிலிருந்தே தெரியும், பள்ளிக்கூடம்தான் வாங்குபவர்.

உங்கள் பகுதியில் எது தொடர்ந்து தேவை என்று பாருங்கள். நாற்றுத் தட்டு, வேலிக் கம்பம், சாக்கடை மூடி, இப்படி ஏதாவது. உணவு படும் பாத்திரம், பிள்ளைகள் வாயில் வைக்கும் பொம்மை செய்யாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கில் முன்னால் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது.

ஈரத்துணி:

கரும்பலகை சொன்ன அந்தப் பாட்டியின் கேள்வி எனக்குப் போதும். என் ஆட்சேபணையை முழுதாகத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்ல மாட்டேன், பாதியைத் திரும்பப் பெறுகிறேன். யாரும் வாங்காத அந்தக் குவியலை வகுப்பு முடிந்ததும் ஒளித்துவிடாதீர்கள். எடை போட்டு, எந்தப் பொருளின் உறை என்று எழுதி, எல்லோரும் பார்க்கும் பலகையில் மாதாமாதம் மாட்டுங்கள். எண் குறைகிறதா என்று பார்க்கலாம். கூடினால், உள்ளாட்சிக் கூட்டத்துக்கு எடுத்துப் போக ஒரு காகிதமாவது இருக்கும்.

நீலவாளி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி குழுவில் உட்கார்ந்து இந்த இழை முழுவதையும் சத்தமாக வாசித்தோம். திட்டத்தை மாற்றிவிட்டோம்.

உருக்கும் இயந்திரத்துக்கு ஒதுக்கியிருந்த பணம் நசுக்கும் பிரஸ்ஸுக்குப் போகிறது. பழைய கைக்கருவி வண்டியிலேயே இருக்கட்டும், பிள்ளைகள் பார்க்க மூடி மட்டும் அதில் உருக்குவோம், திறந்த வெளியில், காற்றைப் பார்த்து. மாதம் ஒரு இடம் என்று சுற்றுவதை விட்டுவிட்டு, மூன்றே இடம், ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு நாள், அதே நாள், அதே நேரம். வரும்போது பாடம், போகும்போது சாக்கு. எடுக்காமல் திரும்புவது இல்லை.

முதல் இடத்தில் சாக்கோடு கிளம்புகிற இரண்டு பெண்களிடமும் ஒரு பெரியவரிடமும் போன வாரம் போய்ப் பேசினோம். பெரியவர் எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தராசு எங்கே?" என்று கேட்டார். எங்களிடம் தராசே இல்லை. முதலில் அதை வாங்குகிறோம். முதல் வகுப்பை அந்த இரண்டு பெண்களில் ஒருவர் எடுக்கச் சம்மதித்திருக்கிறார். மைக் வேண்டாம் என்றார்.

கட்டணம் பற்றிக் குடியிருப்புச் சங்கத்திடம் வரும் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறோம். எடைக்கல் அண்ணா, எழுத்தில் வாங்க வேண்டிய விஷயங்கள் என்னென்ன என்று உங்களால் ஒரு மாதிரி எழுதித் தர முடியுமா?

இன்னொரு வேலையும் இருக்கிறது. அந்த மாடிப்படி வீட்டுக்குப் போய் ஏழு சாக்கையும் எடுத்து வர வேண்டும். இரண்டு வருடம் ஆகப் போகிறது, இன்னும் வைத்திருப்பாரா தெரியவில்லை. ஆனாலும் போகிறோம்.

எடைக்கல்:

இன்று ராத்திரி எழுதிப் போடுகிறேன். சாக்கை எடுத்து வந்ததும் சொல்லுங்கள். மக்கிப் போயிருந்தாலும் பரவாயில்லை, என் கிடங்குக்கு அனுப்புங்கள். என்னிடம் பிரிக்கும் வேலை செய்கிற அந்த அம்மாவை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம், ஏதாவது தேறும்.